ஆக்சிஜன் எங்கே போனது?

1774ஆம் ஆண்டின் கடைசி இரவில் பெர்லினில் யோகான் போடே சப்தரிஷிக் கூட்டத்தின் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பியபோது, அருகருகே இரண்டு மங்கலான திட்டுகளைக் கண்டார். ஒன்று வட்டமாக, நடுவில் சற்றே பளிச்சென்று இருந்தது. மற்றது நீண்டு, வெளிறிக் கிடந்தது. சில ஆண்டுகள் கழித்து சார்ல் மெசியே தம் பட்டியலில் அவற்றுக்கு 81, 82 என்று எண் கொடுத்தார். அழகு எம்81-க்குத்தான், படப் புத்தகங்களில் இடம்பிடிப்பது அது. ஆனால் கடந்த அறுபது ஆண்டுகளாக வானியலாளர்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது, 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அந்த வெளிறிய எம்82.

1963இல் ரோஜர் லிண்ட்ஸும் ஆலன் சாண்டேஜும் பாலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கியால் எடுத்த படங்களை வெளியிட்டார்கள். ஹைட்ரஜன் உமிழும் சிவப்பு ஒளியை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, சுருட்டு போன்ற அந்த விண்மீன் மண்டலத்தின் நடுவிலிருந்து மேலும் கீழும் பத்தாயிரம் ஒளியாண்டுக்கு மேல் சிவப்பு இழைகள் சீறியிருந்தன. சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மையத்தில் ஒரு மாபெரும் வெடிப்பு நிகழ்ந்திருக்கிறது என்று இருவரும் முடிவு கட்டினார்கள். குவாசர்கள் அடையாளம் காணப்பட்ட அதே ஆண்டு அது. எங்கு பார்த்தாலும் வெடிப்பைத் தேடும் காலம். படம் சரி, விளக்கம்தான் தவறு. ஒரேயடியாக எதுவும் அங்கே வெடிக்கவில்லை. விண்மீன்கள் அளவுக்கு மீறிப் பிறந்தன, பெரியவை சீக்கிரம் செத்தன, அந்தச் சாவுகள் ஒன்றுசேர்ந்து ஒரு காற்றாகி மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு வெளியேறின.

இப்படிப்பட்டவற்றுக்கு ஆங்கிலத்தில் 'ஸ்டார்பர்ஸ்ட்' என்று பெயர். 1981இல் டேனியல் வீட்மனும் உடன் ஆய்வாளர்களும் என்ஜிசி 7714 என்ற மண்டலத்தை முன்மாதிரியாகக் காட்டி எழுதிய கட்டுரைக்குப் பிறகு அந்தச் சொல் நிலைத்தது. தமிழில் 'விண்மீன் வெடிப்பு மண்டலம்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. லிண்ட்ஸ், சாண்டேஜ் செய்த அதே பிழையைச் சொல்லிலேயே செய்துவிடுகிறோம். ஆற்றில் புதுவெள்ளம் வருவதைப் பெருக்கு என்கிறோம். திடீரென்று வரும், கரை மீறும், வடிந்தும் விடும். ஆகவே இங்கே 'பெருக்கு மண்டலம்' என்றே எழுதுகிறேன்.

எவ்வளவு வந்தால் பெருக்கு? நம் பால்வெளியில் ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு சூரியன்களின் நிறைக்குச் சமமான வாயு விண்மீன்களாகிறது. பால்வெளியைவிடச் சிறிய எம்82 ஆண்டுக்குச் சுமார் 10 சூரிய நிறையைச் செலவழிக்கிறது. அதுவும் பெரும்பாலும் சில ஆயிரம் ஒளியாண்டு அகலமே உள்ள நடுப்பகுதிக்குள். 25 கோடி ஒளியாண்டுக்கு அப்பால், இரண்டு மண்டலங்கள் மோதிக் கலந்துகொண்டிருக்கும் ஆர்ப் 220 ஆண்டுக்கு 200 சூரிய நிறைபோல் செலவழிக்கிறது. ஆனால் செலவுத் தொகையை மட்டும் பார்த்து ஊதாரி என்று சொல்லிவிட முடியாது, கையிருப்பையும் பார்க்கவேண்டும். சாதாரண மண்டலம் தன் மூலக்கூறு வாயுவை இன்றைய வேகத்தில் செலவழித்தால் அது சுமார் 200 கோடி ஆண்டு தாங்கும். ஆர்ப் 220 போன்றவற்றில் சில கோடி ஆண்டிலேயே தீர்ந்துபோகும். வாயு அடர அடர விண்மீன் பிறப்பு அதைவிட வேகமாக ஏறுகிறது. மார்ட்டன் ஷ்மிட் 1959இல் ஊகித்த இந்த உறவை ராபர்ட் கென்னிகட் 1998இல் சாதாரண மண்டலங்களையும் பெருக்கு மண்டலங்களையும் ஒரே வரைபடத்தில் வைத்து அளந்தார். விண்மீன் பிறப்பு வாயுவின் பரப்படர்த்தியின் 1.4ஆம் அடுக்காக ஏறுகிறது என்று வந்தது.

வாயு எப்படி அடர்ந்தது என்ற கேள்விக்கு எம்82-இல் விடை பக்கத்துவீட்டிலேயே இருக்கிறது. 1994இல் ரேடியோ தொலைநோக்கியால் நடுநிலை ஹைட்ரஜனை வரைந்து பார்த்தபோது எம்81, எம்82, என்ஜிசி 3077 மூன்றையும் வாயுப் பாலங்கள் பிணைத்திருந்தது தெரிந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மூன்றும் ஒன்றையொன்று அறியாதவைபோல் இருக்கின்றன. பல பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் எம்82 தன் பெரிய அண்டைக்கு அருகே உரசிப் போயிருக்கிறது. அந்த ஈர்ப்பு இழுப்பில் சுழற்சியை இழந்த வாயு நடுவில் போய் விழுந்தது.

மோதல்தான் பெருக்கின் தூண்டுகோல் என்பதை நிறத்தை மட்டும் வைத்து முதலில் அழுத்தமாகக் காட்டியவர்கள் ரிச்சர்ட் லார்சனும் பியட்ரிஸ் டின்ஸ்லியும். ஹால்டன் ஆர்ப் தொகுத்த உருக்குலைந்த மண்டலங்களின் நிறங்களையும் ஒழுங்கான மண்டலங்களின் நிறங்களையும் 1978இல் ஒப்பிட்டார்கள். ஒழுங்கானவை ஒரு கோட்டில் அடங்கின. உருக்குலைந்தவை கோட்டின் இருபுறமும் சிதறின. இரண்டு கோடி ஆண்டு அளவுக்குக் குறுகிய பெருக்குகளைக் கணக்கில் சேர்த்தபோது அந்தச் சிதறல் விளங்கிவிட்டது. டின்ஸ்லியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இதைக் கடக்க மனமில்லை. இங்கிலாந்தில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்து டெக்சஸில் முனைவர் பட்டம் பெற்றவர். விண்மீன் மண்டலம் என்பது மாறாத அளவுகோல் அல்ல, பிறந்து வளர்ந்து வேதியியலும் நிறமும் மாறும் ஒன்று என்பதை எண்களால் நிறுவியவர். 1981இல் 40 வயதில் புற்றுநோயால் இறந்தார். இன்று மண்டலங்களின் வேதி வரலாற்றை எழுதும் ஒவ்வொருவரும் அவர் போட்ட பேரேட்டில்தான் எழுதுகிறார்கள்.

நிறத்தை நம்பும் முறைக்கு ஒரு பெரிய ஓட்டை இருந்தது: தூசு. புதிய விண்மீன்களின் நீல, புற ஊதா ஒளியைத் தூசு விழுங்கி அகச்சிவப்பாகத் துப்பும். 1983இல் ஏவப்பட்ட ஐராஸ் செயற்கைக்கோள் பத்து மாதங்களே வேலை செய்தது. ஆனால் அதற்குள் சாதாரணப் படங்களில் கண்டுகொள்ளாமல் விடப்பட்ட பல மண்டலங்கள் அகச்சிவப்பில் கொழுந்துவிட்டு எரிவதைக் காட்டிவிட்டது. ஆர்ப் 220 அப்படி வெளிப்பட்டதுதான். ஒரு லட்சம் கோடி சூரியன்களுக்கு மேற்பட்ட வெளிச்சம், ஏறக்குறைய முழுவதும் அகச்சிவப்பில். மிக அதிகமாக விண்மீன் பிறக்கும் இடமே மிகவும் மறைந்திருக்கும் இடம். 1990களின் இறுதியில் ஹவாயின் மௌனகேயா உச்சியிலிருந்து மில்லிமீட்டருக்கும் குறைந்த அலைநீளத்தில் பார்த்தபோது, ஆரம்பகாலப் பிரபஞ்சமும் இப்படி மறைந்து எரிந்த மண்டலங்களால் நிறைந்திருந்தது தெரியவந்தது.

ஒளி இப்படி ஏமாற்றும்போது சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது? தனிமங்களை. ஹீலியத்துக்கு அப்பாலுள்ள எல்லாமே வானியலாளருக்கு உலோகம். ஆக்சிஜனும் உலோகம், கார்பனும் உலோகம். வேதியியல் ஆசிரியர்கள் மன்னிக்கட்டும். இந்த உலோகங்கள் விண்மீன்களுக்குள் சமைந்து வெளியே வருகின்றன என்பதை 1957இல் பர்பிட்ஜ் தம்பதியும் ஃபவ்லரும் ஹாயிலும் விரித்துக் காட்டினார்கள். பெருக்கின் வரலாற்றுக்கு முக்கியமானது, எந்தத் தனிமம் எப்போது வருகிறது என்பதுதான்.

இதற்கும் எம்82 இரண்டு சாவுகளைக் காட்டுகிறது. 2008இல் அதன் நடுப்பகுதியில் ஒரு பெரிய விண்மீன் வெடித்தது. கண்ணால் யாரும் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு ரேடியோ தொலைநோக்கிகளில்தான் அது அகப்பட்டது. முழுவதையும் தூசு மூடியிருந்தது. 2014 ஜனவரி 21 அன்று லண்டனில் ஸ்டீவ் ஃபாஸி தம் மாணவர்களுக்குத் தொலைநோக்கியைக் கையாளச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மேகம் சூழ்ந்துவந்ததால் திட்டத்தை மாற்றி, பிரகாசமான எம்82-ஐக் காட்டலாமென்று திருப்பினார். படத்தில் ஒரு புதிய விண்மீன் இருந்தது. எஸ்என் 2014ஜே என்று பெயர்பெற்ற சூப்பர்நோவா அப்படிக் கிடைத்ததுதான்.

இரண்டும் வெவ்வேறு சாதி. முதலாவது, எட்டுச் சூரிய நிறைக்கு மேற்பட்ட விண்மீனின் உட்கரு குலைந்து விழும் சாவு. அப்படிப்பட்டவை பிறந்த 30 லட்சம் முதல் 4 கோடி ஆண்டுக்குள் செத்துவிடும். ஆக்சிஜன், நியான், மெக்னீசியம் இவற்றைத்தான் வாரி இறைக்கும். 25 சூரிய நிறையுள்ள ஒன்று சுமார் மூன்று சூரியன் எடை ஆக்சிஜனைத் தரும். இரும்பு குறைவு: 1987இல் பெரிய மெகல்லன் முகிலில் வெடித்தது தந்தது 0.07 சூரிய நிறை அளவுதான். இரண்டாவது, சிறிய விண்மீன் செத்து விட்டுப்போன வெண்குள்ளன் ஒன்று வெப்ப அணுக்கருத் தீயில் முழுதாகச் சிதறும் சாவு. எஸ்என் 2014ஜே-யிலிருந்து வந்த காமாக் கதிர்களை இன்டெக்ரல் செயற்கைக்கோள் பிடித்தது. கோபால்ட் சிதைந்து இரும்பாகும்போது வரும் கதிர்கள். கணக்கிட்டால் சுமார் 0.6 சூரிய நிறை. ஒரு இரும்புத் தொழிற்சாலையை நேரில் பார்த்த மாதிரி. ஆனால் இந்த இரண்டாம் வகை வருவதற்குப் பல கோடி ஆண்டு முதல் பல நூறு கோடி ஆண்டுவரை ஆகும்.

ஆகவே ஆக்சிஜனும் இரும்பும் சேர்ந்து ஒரு கடிகாரம். பெருக்கு சட்டென்று வந்து சட்டென்று நின்றிருந்தால், அதில் பிறந்த விண்மீன்களில் ஆக்சிஜனும் மெக்னீசியமும் மிகுந்து இரும்பு குறைந்திருக்கும், ஏனென்றால் இரும்பு வந்து சேரும்முன் கடை மூடிவிட்டது. கனத்த நீள்வட்ட மண்டலங்களின் கிழட்டு விண்மீன்களில் இதே விகிதம்தான் காணப்படுகிறது. இன்று அமைதியாக, சிவந்து கிடக்கும் அவை ஒருகாலத்தில் பெருக்கு மண்டலங்களாக இருந்தவை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கடிகாரத்தைத் தப்பாகப் படித்த கதையும் உண்டு. 1972இல் லியோனார்ட் சர்லும் வாலஸ் சார்ஜென்டும் ஃபிரிட்ஸ் ஸ்விக்கியின் பட்டியலிலிருந்து இரண்டு சின்ன நீல மண்டலங்களை எடுத்து அவற்றின் நிறமாலையைப் படித்தார்கள். ஒன்றின் பெயர் ஐ ஸ்விக்கி 18. அதன் வாயுவில் ஆக்சிஜன் சூரியனில் உள்ளதில் நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவு என்று பின்னர் உறுதியானது. அந்தக் காலத்தில் தெரிந்தவற்றுள் மிக ஏழையான மண்டல வாயு. ஒன்று இது இப்போதுதான் பிறந்த மண்டலமாக இருக்கவேண்டும், அல்லது நெடிய தூக்கத்துக்கு நடுவே எப்போதாவது மட்டும் விழித்து விண்மீன் பெறுவதாக இருக்கவேண்டும் என்று இருவரும் நிதானமாக எழுதினார்கள். பின்னால் வந்தவர்களுக்கு முதல் பாதிதான் பிடித்துப்போயிற்று. 2004இல் ஹபிள் தொலைநோக்கிப் படங்களை வைத்து, அதன் வயது 50 கோடி ஆண்டுக்கு மேல் இருக்காது என்று ஒரு கட்டுரை வந்தது. நம் கண்முன்னே ஒரு மண்டலம் பிறக்கிறது என்ற செய்தி யாருக்குத்தான் பிடிக்காது! மூன்றே ஆண்டில், 2007இல், அதே ஹபிளால் இன்னும் ஆழமாகப் பார்த்த குழு மங்கலான சிவப்புக் கிழவிகளை அங்கே கண்டுபிடித்தது. அந்த மண்டலம் முன்பு எண்ணியதைவிடத் தள்ளி, சுமார் 5.9 கோடி ஒளியாண்டில் இருந்தது. அதனால்தான் கிழட்டு விண்மீன்கள் கண்ணில் படவில்லை. ஏழை என்றால் இளையவன் என்று பொருளில்லை.

அந்த ஏழ்மைக்கு ஒரு தனிப் பயனும் உண்டு. விண்மீன்களின் விளைச்சல் அதிகம் கலக்காத வாயு என்பதால், பெருவெடிப்பின் முதல் சில நிமிடங்களில் உண்டான ஹீலியம் எவ்வளவு என்பதை இங்கேதான் அளக்க முடியும். மெக்சிகோவின் மானுவேல் பெயிம்பெர்ட்டும் சில்வியா டோரஸ்-பெயிம்பெர்ட்டும் 1970களில் வளர்த்த முறை அது. நிறையில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு என்று விடை வருகிறது.

ஆக்சிஜனை அளப்பதே சிக்கலான வேலை என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தத் துறை உண்மையைவிடத் திடமாகத் தோன்றிவிடும். ஒளிரும் வாயுவில் ஆக்சிஜன்தான் விசிறி. வெப்பத்தை ஒளியாக்கி வெளியே அனுப்புவது அது. ஆக்சிஜன் குறைந்தால் வாயு சூடாகும். அதனால் ஆக்சிஜன் கோடு பிரகாசமாக இருப்பதை மட்டும் பார்த்து ஆக்சிஜன் மிகுதி என்று சொல்ல முடியாது. வாயுவின் வெப்பநிலையைக் காட்டும் மெல்லிய கோடு ஒன்று உண்டு. அது கிடைத்தால் கணக்கு நேராகிவிடும். உலோகம் நிறைந்த பெருக்கு மண்டலங்களில் அந்தக் கோடு மங்கி மறைந்துவிடுகிறது. அப்போது ஆளுக்கொரு சூத்திரம். ஒரே மண்டலத்தின் ஒரே நிறமாலையை வெவ்வேறு சூத்திரங்களில் போட்டால் ஐந்து மடங்கு வரை வேறுபாடு வருவதை லிசா கியூலியும் சாரா எலிசனும் 2008இல் காட்டினார்கள். இரண்டு கட்டுரைகளின் ஆக்சிஜன் எண்ணை ஒப்பிடுவதற்குமுன் எந்தப் படியால் அளந்தார்கள் என்று கேட்பது நல்லது.

இன்னொரு அடிப்படைச் சந்தேகம், பிறக்கும் விண்மீன்களில் பெரியதும் சிறியதும் என்ன விகிதம் என்பது. எட்வின் சால்பீட்டர் 1955இல் சூரியனின் சுற்றுப்புறத்தை வைத்துக் கண்ட விகிதத்தையே நெடுங்காலம் எங்கும் போட்டுவந்தார்கள். பெருக்குகளில் பெரிய விண்மீன்கள் அந்த விகிதத்தைவிடக் கூடுதலாகப் பிறந்தால், அதே வெளிச்சத்துக்குக் குறைந்த விண்மீன் போதும், உலோகமோ அதிகம் விளையும். கணக்கு முழுவதும் ஆட்டம் காணும். 2018இல் இரண்டு ஆய்வுகள் அப்படித்தான் சொல்லின. ஒன்று, பெரிய மெகல்லன் முகிலின் டாரன்டுலா நெபுலாவில் 30 சூரிய நிறைக்கு மேற்பட்டவை சால்பீட்டர் விகிதத்தைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம் என்றது. அங்கே விண்மீன்களைத் தனித்தனியாக எண்ண முடியும் என்பதால் அதற்கு எடை உண்டு. மற்றது, தொலைதூரத் தூசுப் பெருக்குகளில் கார்பன்-13, ஆக்சிஜன்-18 ஐசோடோப்புகளை அல்மா தொலைநோக்கி வரிசையால் ஒப்பிட்டது. முன்னது பெரும்பாலும் நடுத்தர, சிறிய விண்மீன்களின் விளைச்சல், பின்னது பெரியவற்றின் விளைச்சல். பெரியவற்றின் பக்கமே தராசு சாய்ந்தது. எனக்கு முதல் சான்றில் உள்ள நம்பிக்கை இரண்டாவதில் இல்லை. ஐசோடோப்பு விகிதத்தை மாற்ற வேறு வழிகளும் உண்டு. எண்ணிப் பார்த்ததும் ஊகித்ததும் ஒன்றல்ல.

இந்தச் சந்தேகம் இப்போது அவசரமாகிவிட்டது. காரணம் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி. பெருவெடிப்புக்குச் சுமார் 43 கோடி ஆண்டு கழித்திருந்த ஜிஎன்-இசட்11 என்ற சின்ன, பிரகாசமான மண்டலத்தின் நிறமாலையை 2023இல் அது பிரித்தபோது, ஆக்சிஜனோடு ஒப்பிட்டால் நைட்ரஜன் சூரியனில் உள்ளதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. நைட்ரஜன் வழக்கமாக நிதானமாக வரும் தனிமம். நடுத்தர விண்மீன்கள் முதுமையில் ஊதித் தள்ளுவது. அவ்வளவு சீக்கிரம் அது எப்படி வந்தது? மிகப் பெரிய விண்மீன்களின் காற்றா, நெருக்கமான கொத்துகளில் ஒன்றோடொன்று மோதி வளர்ந்த பூதவிண்மீன்களா, ஒரு பெருக்கு நின்று சற்று இடைவெளி விட்டு அடுத்தது தொடங்கியதா? இதற்குள் இன்னும் பழைய ஒன்றில், பெருவெடிப்புக்குச் சுமார் 30 கோடி ஆண்டு கழித்தே இருந்த மண்டலத்தில், அல்மா ஆக்சிஜனைக் கண்டுவிட்டது; 2025இல் அறிவித்தார்கள். ஆரம்பகாலத்தில் பெருக்கு என்பது விதிவிலக்காக இருக்கவில்லை, அதுவே வழக்கமாக இருந்திருக்கிறது.

இனி, என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் நடுக்கேள்வி. சமைத்ததெல்லாம் எங்கே? மண்டலத்தை மூடிய பாத்திரமாக நினைத்துக் கணக்குப் போட்டால், செலவான வாயுவுக்கு ஏற்ப உலோகம் சேர்ந்திருக்கவேண்டும். சேரவில்லை. மண்டலம் சிறுத்தால் உலோகமும் குறைகிறது என்பதை 1979இல் ஜேம்ஸ் லெக்கே குழு ஒரு சிலவற்றில் கண்டது; 2004இல் கிறிஸ்டி ட்ரெமான்டி குழு 53,000 மண்டலங்களில் உறுதிசெய்தது. எளியவன் கைக்காசு தங்காததுபோல, ஈர்ப்பு வலுவில்லாத மண்டலத்தில் உலோகம் தங்குவதில்லை.

ஓட்டை வழியாக ஒழுகுவதை நேரில் காட்டியது சந்திரா எக்ஸ்-கதிர் ஆய்வகம். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, விண்மீன்களின் முடிவைக் கணித்த சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கி 1999இல் மேலே போனது. விண்மீன்கள் செத்த பிறகு அவற்றின் சாம்பல் எங்கே போகிறது என்பதை அவர் பெயர் கொண்ட கருவியே தேடியது பொருத்தந்தான். என்ஜிசி 1569 என்ற குட்டிப் பெருக்கு மண்டலத்தின் வெப்பக் காற்றை அது படம்பிடித்தது. கிரிஸ்டல் மார்ட்டின் குழு 2002இல் கணக்குப் பார்த்தபோது, அந்தப் பெருக்கு விளைத்த உலோகம் ஏறக்குறைய முழுவதுமே காற்றோடு போய்க்கொண்டிருந்தது. மோர்டெகாய்-மார்க் மக் லோவும் அந்திரேயா ஃபெராராவும் 1999இல் கணினியில் கண்டதோடு அது ஒத்துப்போனது: சின்ன மண்டலத்தில் பழைய வாயு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும், புதிய உலோகம் மட்டும் தப்பிவிடும். கஞ்சி பாத்திரத்தில், ஆவி வெளியே.

பெரிய மண்டலங்களும் சுத்தமல்ல. ஹபிள் தொலைநோக்கியால் மண்டலங்களைச் சுற்றியுள்ள கண்ணுக்குத் தெரியாத வாயுவை அளந்து, மோலி பீப்பிள்ஸ் குழு 2014இல் ஒரு வரவு-செலவுக் கணக்கு எழுதியது. விண்மீன்கள் இதுவரை ஆக்கிய உலோகத்தில் மண்டலத்துக்குள், விண்மீன்களிலும் வாயுவிலும் தூசிலும் சேர்த்து, மிஞ்சியிருப்பது 20 முதல் 25 விழுக்காடுதான். மற்றதில் ஒரு பகுதி சுற்றுப்புற ஒளிவட்டத்தில் இருக்கிறது, ஒரு பகுதி இன்னும் தள்ளி. வரவும் ஒரு பக்கம் கணக்கைக் குழப்புகிறது: மோதும் மண்டலங்களின் நடுவில் ஆக்சிஜன் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, வெளியிலிருந்து விழுந்த ஏழை வாயு அதை நீர்க்கச் செய்துவிட்டது. பெருக்கைத் தூண்டியதும் அந்த வாயுதான்.

மறுபடி எம்82. சிவப்பு இழைகள் நொடிக்குச் சுமார் 600 கிலோமீட்டர் வேகத்தில் எழுகின்றன. அவற்றுக்குள் பல கோடி டிகிரி வெப்பத்தில் சூப்பர்நோவாக்களின் சொந்தக் கழிவு ஓடுகிறது. குளிர்ந்த வாயுவில் பெரும்பகுதி தப்பும் வேகம் இல்லாமல் நீரூற்றுபோலத் திரும்பி விழக்கூடும். சூடான பகுதி திரும்பாது. மண்டலத்துக்கு வடக்கே 38,000 ஒளியாண்டு அளவில் தொப்பி என்று அழைக்கப்படும் ஒரு மங்கிய ஒளித்திட்டு உண்டு. சுசாகு என்ற ஜப்பானிய எக்ஸ்-கதிர்ச் செயற்கைக்கோள் 2000களின் நடுவில் அதைப் படித்தது. அங்கே ஆக்சிஜனும் நியானும் மெக்னீசியமும் இரும்பைவிடத் தூக்கலாக இருந்தன. பெரிய விண்மீன்களின் சாவு தந்த சரக்கு அது. இரும்பு வருமுன்னே வீட்டை விட்டுப் போய்விட்டது.

2014இல் லண்டன் மாணவர்கள் பார்த்த 0.6 சூரிய நிறை இரும்பு இன்னும் எம்82-க்குள்தான் விரிந்துகொண்டிருக்கிறது. அது சுற்றியுள்ள வாயுவோடு கலக்க ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். இந்தப் பெருக்கில் பிறந்த சிறிய விண்மீன்கள் வெண்குள்ளன்களாகி, தங்கள் முறைக்கு வெடிக்கத் தொடங்கும்போது, அந்த இரும்பை வெளியே தள்ள அங்கே காற்று அடித்துக்கொண்டிருக்குமா என்பது, நடுவில் இன்னும் எவ்வளவு வாயு மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.